சபைப் பாட்டில் நம்பிக்கை வற்றிப்போவது எதனால்? பாடல் நடத்துகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிறு ஆராதனைக்குப் பாட்டுத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எல்லாச் சபையிலும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. சபைப் போதகரான ஐயராக இருக்கலாம், கொயர் மாஸ்டராக இருக்கலாம், கீபோர்டு வாசிக்கிற கல்லூரிப் பையனாகவும் இருக்கலாம். அன்றைக்கு வந்து உட்காருகிறவர்களில் ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பவர் ஒருவர் இருப்பார். வேலை போனதை வீட்டில் இன்னும் சொல்லாதவர் ஒருவர் இருப்பார். பிரசங்கத்தில் பாதி அவர்கள் காதில் விழாது. பாட்டின் ஒரு வரி மட்டும் புதன்கிழமை ராத்திரி வரைக்கும் கூடவே வரும். அதனால் பாட்டு விஷயத்தில் நடக்கிற தவறுகளைக் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது.

சந்தோஷமான பாட்டுதான் நம்பிக்கை தரும் என்ற எண்ணம்தான் இவற்றில் பெரிய தவறு. தொடக்கத்திலிருந்து கடைசி வரை கைதட்டுப் பாட்டுகள், ஜெயம், ஆனந்தம், மகிமை. பாரத்தோடு வந்தவர் தனக்கு இங்கே இடமில்லை என்று நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்கிறார். வேதாகமத்தின் பாட்டுப் புத்தகம் அப்படி இல்லையே! 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்தான். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று 13-ம் சங்கீதம் ஆரம்பிக்கிறது. 88-ம் சங்கீதமோ ஆறுதலான முடிவு எதுவும் இல்லாமல் இருளிலேயே முடிந்துபோகிறது. அதன் தலைப்பிலும் ‘இராகத்தலைவனுக்கு’ என்று போட்டிருக்கிறது. அதாவது யாரோ ஒருவர் தன் அறையில் எழுதி மறைத்து வைத்த வேதனை அது ஆகாது. எல்லாரும் கூடிப் பாடக் கொடுத்த பாட்டு.

தமிழ்க் கிறிஸ்தவப் பாட்டு மரபும் இதை நன்றாக அறிந்திருந்தது. திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவரான எச்.ஏ. கிருஷ்ண பிள்ளையின் (1827–1900) ‘சத்தாய் நிஷ்களமாய்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒவ்வொரு சரணமும் சுற்றிச் சுற்றி ‘எனக்கார் துணை யாருறவே’ என்ற இடத்துக்கே வந்து நிற்கிறது. வேறு கதி இல்லாதவனின் கேள்வி அது. அந்தக் கேள்விக்குள்ளேதான் அவருடைய முழு விசுவாசமும் இருக்கிறது. இப்படி ஒரு பாட்டை வாரம் ஒன்றாவது பட்டியலில் வைக்காத சபை, அழுகிறவர்களை வாசலில் நிறுத்திவிடுகிறது என்பது என் கருத்து.

அடுத்தது, சரணங்களை வெட்டுவது. “நேரமாகிவிட்டது, முதல் சரணமும் கடைசிச் சரணமும் போதும்” என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். இயேசு சிலுவையில் உச்சரித்த “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” என்பது 22-ம் சங்கீதத்தின் முதல் வரி. அதே சங்கீதம் 22-ம் வசனத்துக்கு வரும்போது “சபைநடுவில் உம்மைத் துதிப்பேன்” என்கிறது. நடுவில் நாய்கள் சூழ்கின்றன, எலும்புகள் கட்டுவிடுகின்றன, நாவு மேல்வாயில் ஒட்டிக்கொள்கிறது. அத்தனையையும் கடந்துதான் அந்தத் துதி வருகிறது. நடுப்பகுதியை எடுத்துவிட்டால் துதி எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் போகும். கீர்த்தனையும் அப்படித்தான். பல்லவி ஒரு வாக்கைச் சொல்லும். ஒவ்வொரு சரணமும் வேறு வேறு நிலையிலிருந்து அதற்குத் திரும்பி வரும். பல்லவியை மட்டும் பத்துத் தடவை திருப்பிப் பாடினால் உணர்ச்சி ஏறலாம், ஆனால் பயணம் நடக்காது. ஆறு பாட்டை அரைகுறையாகப் பாடுவதைவிட மூன்றை முழுமையாகப் பாடலாம்.

பாட்டைப் பேரமாக ஆக்குவது இன்னொரு தவறு, ஆபத்தானதும்கூட. “துதித்துப் பாடுங்கள், கட்டுகள் அறும்” என்று மேடையிலிருந்து சொல்லும்போது பெரும்பாலும் பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையைத்தான் உதாரணம் காட்டுவார்கள். அப்போஸ்தலர் 16-ம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதுகில் அடிபட்ட காயம், கால்கள் தொழுமரத்தில் (கைதிகளின் காலைப் பூட்டும் மரக்கட்டையில்), நடுராத்திரி. பவுலும் சீலாவும் ஜெபித்துப் பாடினார்கள். பூமி அதிரப்போவது அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் கதவுகள் திறந்தபோதும் அவர்கள் ஓடிப்போகவில்லை; “நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்” என்று சிறைக்காரனைத் தற்கொலையிலிருந்து காப்பாற்றினார்கள். விடுதலை வாங்குவதற்காகப் பாடியிருந்தால் அந்த நிமிடமே வெளியேறியிருப்பார்கள்.

1736 ஜனவரியில், பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அதே கப்பலில் ஜெர்மனியின் மொராவிய சபையாரும் இருந்தார்கள். அவர்கள் சங்கீதம் பாடத் தொடங்கிய நேரத்தில் புயல் அலை ஒன்று கப்பலின் பெரிய பாய்மரத் துணியைக் கிழித்துக்கொண்டு தளத்தில் கொட்டியது. ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். மொராவியர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பிற்பாடு வெஸ்லி அவர்களில் ஒருவரிடம் பயமாக இல்லையா என்று கேட்டபோது, இல்லை என்றும், தங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சாகப் பயப்படவில்லை என்றும் பதில் வந்தது. பாடியதால் புயல் அடங்கியது என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தச் சாந்தம் வெஸ்லியின் மனதை ஆழமாகத் தொட்டது. சுகம் கிடைக்கும் என்று சொல்லிப் பாடவைத்து, சுகம் கிடைக்காதபோது “விசுவாசம் போதவில்லை” என்று நோயாளியின் தலையிலேயே பழியைப் போடுவது கொடுமை. அந்த வீட்டார் அப்புறம் எந்தப் பாட்டையும் நம்பிப் பாட மாட்டார்கள்.

துக்கத்தில் இருப்பவரைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் வேண்டாம். “எல்லாரும் எழுந்து கைகளை உயர்த்துங்கள், அக்கா நீங்களும் பாடுங்க” என்று மைக்கில் சொல்லும்போது, கணவரை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகாத பெண் என்ன செய்வார்? பவுல், சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ‘ஒருவருக்கொருவர்’ புத்திசொல்லிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். நான் பாட முடியாத வாரத்தில் எனக்காகப் பக்கத்து வரிசை பாடும். மாற்கு 2-ல் திமிர்வாதக்காரனை நாலு பேர் சுமந்து வந்தார்கள். இயேசு ‘அவர்கள் விசுவாசத்தை’ கண்டார் என்றுதான் எழுதியிருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கட்டும். குரல் திரும்பும்போது அவரே சேர்ந்துகொள்வார்.

அப்படிச் சுமப்பதற்கு முதலில் சபையின் குரல் காதில் விழ வேண்டும். இங்கேதான் சவுண்ட் சிஸ்டம் குறுக்கே நிற்கிறது. டிரம்ஸும் இரண்டு கீபோர்டும் நாலு மைக்கும் சேர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பாடுகிறாரா என்றே தெரியாது. தன் குரலும் பிறர் குரலும் கேட்காத இடத்தில் ஜனங்கள் மெதுவாகப் பார்வையாளர்களாக மாறிவிடுகிறார்கள். சுவீடனின் கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, சேர்ந்து பாடுகிறவர்களின் இதயத் துடிப்பு ஒரே போக்கில் ஏறி இறங்குவதைக் காட்டியது. அதில் பாடவைத்தவற்றில் ஒரு ஞானப்பாட்டும் இருந்தது. சேர்ந்து மூச்சு விடுவதுதான் காரணம் என்றார்கள். ஆகவே வரிகளுக்கு நடுவே மூச்சு வாங்க இடம் விடுங்கள். எப்போதாவது ஒரு சரணத்தை வாத்தியம் இல்லாமல் பாடுங்கள்.

சுருதியும் முக்கியம். ரெக்கார்டிங்கில் பாடகர் பாடிய ஸ்கேலிலேயே சபையிலும் எடுத்தால் பாதிப் பேர் கீழே இறங்கிவிடுவார்கள், மீதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். பெண்கள் பாடுகிற ஸ்தாயியில் நடு சி-க்கு ஒரு ஆக்டேவ் மேலே உள்ள சி, அல்லது அதற்கு அடுத்த டி, இதுதான் சாதாரணக் குரலுக்கு வசதியான உச்சம். பாட்டின் உச்ச ஸ்வரம் அதைத் தாண்டினால் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்கிக் குறைத்துவிடுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

பழசா புதுசா என்ற சண்டைக்கு அதிக நேரம் செலவழிக்க வேண்டாம். இன்றைக்குப் பழசாகத் தெரியும் ஜெர்மன் ஞானப்பாட்டுகளை ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர் 18-ம் நூற்றாண்டில் தமிழாக்கியபோது அவை புதுசுதான். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகத்தில் பாடியதும் அன்றைக்குப் புதுசுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஞாபகம் தவறிய முதியவர்கள் பலர் பிள்ளைகளின் பெயரை மறந்த பிறகும் சிறுவயதில் கற்ற பாட்டைப் பாடுவார்கள். ஸ்கிரீனைப் பார்த்துப் பாடி, இரண்டு மாதத்தில் மாற்றிவிடும் பாட்டு அவ்வளவு ஆழத்துக்குப் போகாது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் சில பாட்டுகளையாவது எல்லாச் சரணங்களோடும் மனப்பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

இதோடு, சபையில் வயதானவர்களிடமும் படுக்கையில் இருப்பவர்களிடமும் அவரவர் பாட்டு எது என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. வீடு சந்திக்கப் போகும்போது நமக்குப் பழக்கமான பாட்டைத் தொடங்காமல், அவர்கள் சொன்ன பாட்டையே, அவர்களால் கூடப் பாட முடிகிற சுருதியில் எடுத்துப் பாடலாம்.