டிரான்ஸ்கிரிப்டைத் திருத்தாதீர்கள்: பயன்பாட்டு மொழியியல் மாணவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருவர் தன் ஆய்வேட்டுக்கான டிரான்ஸ்கிரிப்டை, அதாவது பதிவு செய்த பேச்சைக் கேட்டு எழுதியதை, அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் உள்ளூர் டெய்லர்கள் வடமாநிலத் தொழிலாளர்களிடம் தமிழை எப்படி உடைத்து, எளிமையாக்கிப் பேசுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆய்வு. அருமையான தலைப்பு. ஆனால் முதல் பக்கத்திலேயே ஒரு டெய்லர், "தம்பி, நாளைக்கு எட்டு மணிக்குக் கம்பெனிக்கு வந்துவிடு, தாமதம் செய்யாதே" என்கிறார். ஒடிசாவிலிருந்து வந்து பத்து நாள் ஆன பையனிடம்!

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றைப் பிசைந்தது. பல வருஷத்துக்கு முன்னால் நான் அடித்த அதே கூத்து இது.

மேற்கோளை ஒழுங்காகக் காட்டுவது, கெடு தேதிக்குள் கொடுப்பது இதெல்லாம் உங்கள் துறையிலேயே சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேட்டதை விட்டுவிட்டு "சரியானதை" எழுதுவது

அரசுப் பள்ளி ஆங்கில வகுப்பில் ஆசிரியர்கள் எந்த இடத்தில் தமிழுக்குத் தாவுகிறார்கள் என்பது என் ஆய்வு. பதினொரு வகுப்புகளைப் பதிவு செய்தேன், ஒவ்வொன்றும் 40 நிமிடம். ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத எனக்கு எட்டு மணி நேரம் பிடித்தது. இரண்டு மாதம் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து முடித்தேன். போனில் இடம் இல்லை. எழுதியாச்சே, இனி ஒலி எதற்கு என்று பெரும்பாலான பதிவுகளை அழித்துவிட்டேன்.

கைடு ஒரு வாக்கியத்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்: "மாணவர்களே, இருபத்து மூன்றாம் பக்கத்தைத் திறங்கள்." பக்கத்தில், "இது வகுப்பறையா, பட்டிமன்ற மேடையா?" என்று ஒரு கேள்வி.

அந்த ஆசிரியர் சொன்னது, "ஏய் பசங்களா, பேஜ் ட்வென்ட்டி த்ரீ ஓப்பன் பண்ணுங்க." நான் தேடிப் போன மொழிக் கலப்பு மொத்தமும் அந்த ஒரு வரியில் இருந்தது. அதை நானே துடைத்துச் சுத்தம் செய்திருக்கிறேன். அறுபது மணி நேரம் உழைத்து.

சரி, மறுபடி கேட்டு எழுதலாம் என்றால் ஒலி இல்லை. நண்பனுடைய பென் டிரைவில் தற்செயலாக மூன்று வகுப்புகள் தப்பிக் கிடந்தன. மீதியை மறுபடி பதிவு செய்யலாம் என்று போனால் பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்து பூட்டுப் போட்டிருந்தார்கள். ஜூன் வரை காத்திருந்து, அதற்குள் அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போய், வேறு பள்ளி தேடி, ஒரு செமஸ்டர் கட்டணத்தைக் கூடுதலாகக் கட்டினேன். அந்தக் கட்டண ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. பார்த்தால் இப்போதும் எரிச்சல் வரும்.

இது சோம்பேறித்தனத்தால் வருகிற தவறு இல்லை. மொழியியலாளர் சார்லஸ் பெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு, பேச்சுக்கு ஒரு மொழி, எழுத்துக்கு ஒரு மொழி என்கிற இரட்டை வழக்கு என்ற கருத்தை உலகம் முழுக்கப் பேசுகிறார்கள். நாம் அதை ஒன்றாம் வகுப்பிலிருந்தே முதுகில் வாங்கியவர்கள். 'எடம்' என்று எழுதினால் அடி, 'இடம்' என்று எழுதினால் மதிப்பெண். காது 'காத்து' என்று கேட்கும், கை 'காற்று' என்று எழுதும். 'அவங்க வந்தாங்க' என்பது விரல் நுனிக்கு வருவதற்குள் 'அவர்கள் வந்தார்கள்' ஆகிவிடும். தேர்வில் இரட்டை வழக்கு பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள்கூட ஹெட்போனை மாட்டியதும் தமிழாசிரியராக மாறிவிடுகிறார்கள்.

சொற்களோடு இது நிற்பதும் இல்லை. என் ஆசிரியர்களில் ஒருவர் தமிழுக்கு மாறும் முன் ஒரு நொடி நிறுத்துவார், "ம்ம்…" என்பார், "அதாவது" என்று இழுப்பார், அப்புறம்தான் தமிழ் வரும். அந்தத் தயக்கம்தான் என் ஆய்வுக்கு முக்கியமான தடயம். முதல் டிரான்ஸ்கிரிப்டில் அதில் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் மூச்சு விடாமல் பேசியிருந்தார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் ஐபிஏ என்ற சர்வதேச ஒலிப்புக் குறியீட்டில் எழுத உட்காராதீர்கள். 'வந்தேன்' என்பதன் கடைசியில் மூக்கொலி மட்டும் மிஞ்சுவது உச்சரிப்பை ஆராய்கிறவருக்குத் தேவை. எனக்குத் தேவைப்படவில்லை. உங்கள் கேள்வி எதைக் கேட்கிறதோ அது எழுத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் ஐந்து நிமிடப் பதிவை நீங்களும் ஒரு நண்பரும் தனித்தனியாக எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் உங்கள் கை 'திருத்துகிறது' என்று தெரிந்துவிடும். எலான் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு வரியையும் ஒலியின் அந்தந்த நொடியோடு கட்டிவைக்கலாம். சந்தேகம் வந்தால் வரியைச் சொடுக்கிக் கேட்டுவிடலாம்.

ஒலிப்பதிவை மூன்று இடத்தில் வையுங்கள். பட்டம் வாங்கிய பிறகும் அழிக்காதீர்கள்.

"நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்?" என்று கேட்பது

கேள்வித்தாள் சுலபம், அதனால் எல்லோருக்கும் அதுதான் பிடிக்கும். "வகுப்பில் தமிழ் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டேன். "இல்லவே இல்லை" என்று எழுதிக் கொடுத்த ஒருவருடைய வகுப்பில் பாதிக்கு மேல் தமிழ். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கு அது தெரியவே தெரியாது.

அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளுக்குப் போனார். நான்காவது மாடியில் இருக்கும் பொருளாகப் பார்த்து, அது எங்கே இருக்கிறது என்று விற்பனையாளர்களிடம் கேட்டார். பதில் வந்ததும் காது கேட்காதவர் மாதிரி மறுபடி ஒரு தடவை சொல்ல வைத்தார். 'போர்த் ஃப்ளோர்' என்பதில் 'ர்' ஒலிக்கிறதா என்பதை அந்தப் பக்கம் தள்ளிப்போய்க் குறித்துக்கொண்டார். "நீங்கள் 'ர்' சொல்வீர்களா?" என்று தாள் நீட்டியிருந்தால் என்ன கிடைத்திருக்கும்?

எல்லாப் பிழைக்கும் தாய்மொழியைக் குற்றம் சொல்வது

மாணவர் 'go' என்பதற்கு 'goed' என்று இறந்தகாலம் சொன்னால் உடனே "தமிழின் தாக்கம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தையும் 'வென்ட்' பிடிபடும்வரை அப்படித்தான் சொல்கிறது. கற்பவரின் பிழை அவர் மனதில் உருவாகும் விதியைக் காட்டுகிறது என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இலேயே எழுதிவிட்டார். ஐந்து வருஷம் கழித்து லாரி செலிங்கர், கற்பவர் மனதில் உருவாகும் அந்த மொழிக்கு இடைமொழி என்று பெயரே வைத்தார். முதல் பருவத்தில் படித்ததை ஆய்வேட்டில் மறந்துவிடுகிறோம்.

"தமிழ்நாட்டில் ஆங்கிலம்" என்று தலைப்பு வைப்பது

வேண்டாம். ஒரு பள்ளி, ஒரு வகுப்பு போதும்.

அனுமதி வாங்காமல் பதிவு செய்வது

கூடாது.

"இதைப் படித்து எத்தனை மொழி தெரியும்?"

சொந்தக்காரர்கள் கேட்பார்கள். விளக்க முயற்சி செய்து நேரத்தை வீணாக்காதீர்கள்.

அந்தப் பெண்ணிடம் முதலில் நான் கேட்டது ஒலிப்பதிவு இருக்கிறதா என்பதைத்தான். இருக்கிறதாம், அழிக்கவில்லையாம். அந்த வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். மெஷின் சத்தத்துக்கு நடுவே டெய்லர் குரல்: "தம்பி… நாளைக்கு எட்டு மணி. கம்பெனி வா. லேட்டு நஹி, ஆமா."