"வந்தாச்சு, ஆடிவிட்டே போவோம்": குளிர்காலப் பள்ளி ரக்பியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை காலை. பேருந்திலிருந்து பிள்ளைகள் இறங்கியாயிற்று, எதிரணியும் வந்து சேர்ந்துவிட்டது. மைதானத்தின் ஒரு மூலையில், மரநிழல் விழும் இடத்தில் மட்டும், புல் இன்னும் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது. இரண்டு பயிற்சியாளர்களும் குனிந்து தொட்டுப் பார்க்கிறார்கள். அப்போது யாராவது ஒருவர் சொல்லியே தீருவார்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஆடிவிட்டே போவோம்."

பள்ளி அணிகளோடு கோட்டோரம் நின்று எனக்குப் பல குளிர்காலங்கள் ஆகிவிட்டன. நான் கண்ட மோசமான தவறுகளில் பெரும்பாலானவை ஆட்டம் தெரியாததால் நடந்தவை அல்ல. நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்த யாருக்கும் மனம் வராததால் நடந்தவை. உறைந்த தரையைப் பார்த்தும் இந்த வாக்கியம் வரும். ஆள் குறைந்த அணியைப் பார்த்தும் வரும். தலையில் அடிபட்ட பிள்ளையைப் பார்த்தும் வரும்.

தரையை நடுவில் மட்டும் பார்ப்பது

வெயில் படும் நடுப்பகுதியில் பனி சீக்கிரம் இளகிவிடும். அங்கே நின்று காலால் இரண்டு தட்டு தட்டிவிட்டு "சரி, பரவாயில்லை" என்று சொல்வது எளிது. ஆனால் விதி அப்படிச் சொல்லவில்லை. தரையின் எந்தப் பகுதியாவது ஆபத்தானது என்று தெரிந்தால் நடுவர் ஆட்டத்தைத் தொடங்கவே கூடாது என்பதுதான் ரக்பியின் முதல் விதியில் உள்ளது. எந்தப் பகுதியாவது. ஒரு மூலை உறைந்திருந்தாலும் போதும். டேக்கிள் வாங்கி, அதாவது எதிரணிக்காரன் பிடித்து வீழ்த்தி, விழும் பிள்ளை எந்த மூலையில் விழுவான் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே முழு மைதானத்தையும் நடந்து பாருங்கள். நிழல் விழும் பக்கம், கோல் கோட்டுக்குப் பின்னால் ட்ரை வைக்கும் (பந்தைத் தரையில் ஊன்றிப் புள்ளி எடுக்கும்) பகுதி, பக்கக் கோடுகளுக்கு வெளியே ஓரிரு மீட்டர், இவையெல்லாம் கணக்கில் வரவேண்டும். பூட்ஸ் குதிகாலை ஊன்றி அழுத்துங்கள். ஸ்டட் (பூட்ஸ் அடியில் இருக்கும் குமிழ்) உள்ளே இறங்காமல் மேலேயே நின்றால் அந்தத் தரை விளையாடுவதற்கல்ல. செயற்கைப் புல் என்றால் பயமில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் உறையும், உறைந்தால் கல்போல ஆகும்.

தண்ணீர் தேங்கிய களம் வேறு வகை ஆபத்து. ஆட்கள் குவியும்போது அடியில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம் குட்டையில் இருந்தால், நடுவர் விசில் ஊதி மேலே இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்திருப்பதற்குள் சில நொடிகள் போய்விடும். அந்த நொடிகளில் அவனால் மூச்சுவிட முடியாது.

தரை சரியில்லை என்று ஆட்டம் தொடங்குமுன் ஆட்சேபம் சொல்லும் உரிமை இரு அணிகளுக்கும் உண்டு. பயிற்சியாளர் தயங்கினாலும் மாணவத் தலைவர் நடுவரிடம் பேசலாம் என்று பிள்ளைகளுக்கு முன்பே சொல்லிவையுங்கள். இந்த ஆட்டத்தின் விதிகளை முதன்முதலில் எழுதிவைத்தவர்களே பள்ளி மாணவர்கள்தான், 1845-இல், இங்கிலாந்தின் ரக்பி பள்ளியில். களத்தில் இறங்கப்போகிறவர்களுக்குத் தரையைப் பற்றிப் பேச எல்லா நியாயமும் உண்டு.

வார்ம்-அப்பைச் சுருக்குவது

பேருந்து தாமதமாக வருகிறது. ஆட்டம் தொடங்க எட்டு நிமிடம்தான் இருக்கிறது. முதலில் பலியாவது வார்ம்-அப். பக்கத்து மைதானம் காலியாகக் காத்திருக்காது, நடுவருக்கு அடுத்த ஆட்டம் இருக்கும், நெருக்கடி புரிகிறது. ஆனாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காரணம் இருக்கிறது. வேர்ல்ட் ரக்பி அமைப்பு பரப்பிவரும் 'ஆக்டிவேட்' என்ற 20 நிமிடப் பயிற்சித் தொகுப்பை இங்கிலாந்தின் பள்ளி அணிகளில்தான் சோதித்தார்கள். பாத் பல்கலைக்கழகத்தினர் 2017-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், வாரம் மூன்று முறையாவது அதைச் செய்த அணிகளில் ஆட்டக் காயங்கள் 72 சதவீதமும் மூளையதிர்ச்சி 59 சதவீதமும் குறைந்திருந்தன. சமநிலை, தாவி இறங்குதல், கழுத்துத் தசைக்கான பயிற்சி என்று எல்லாம் எளிமையானவை, கருவி எதுவும் வேண்டாம். கவனிக்க வேண்டியது, பலன் கிடைத்தது வாரம் முழுவதும் செய்தவர்களுக்கு. சனிக்கிழமை மட்டும் ஓடிக் குதிப்பது அதற்கு ஈடாகாது.

இன்னொன்று. நன்றாக வியர்க்கும்வரை பயிற்சி கொடுத்துவிட்டு, பிறகு பிள்ளைகளை வட்டமாக நிற்கவைத்துப் பத்து நிமிடம் உரையாற்றும் வழக்கம் பலரிடம் உண்டு. குளிர் காற்றில் அந்தப் பத்து நிமிடத்திலேயே உடம்பு ஆறிவிடும். பேச வேண்டியதை உள்ளே பேசி முடித்துவிட்டு வெளியே வாருங்கள்.

மாற்று வீரர்களை யாரும் கவனிப்பதில்லை. ஐம்பது நிமிடம் கோட்டோரம் நடுங்கிக்கொண்டு நின்றவனைத் திடீரென்று உள்ளே அனுப்பினால், அவன் செய்யும் முதல் டேக்கிளே விறைத்த கையோடும் விறைத்த தோளோடும்தான். அவர்களுக்குத் தடிமனான மேலங்கி கொடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கோட்டோரம் ஓடவையுங்கள், உள்ளே அனுப்புவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் சொல்லிவிடுங்கள்.

உடை, பூட்ஸ், பந்து

ஜெர்சிக்கு உள்ளே பருத்திப் பனியன் போட்டுக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். அது மழையையும் வியர்வையையும் குடித்துவிட்டு ஆட்டம் முடியும்வரை உடம்போடு ஒட்டிக்கிடக்கும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஈரத்தை விரட்டும் செயற்கை இழை உள்ளாடைதான் குளிர்காலத்துக்குச் சரி. விரல் நுனி இல்லாத கையுறைக்கு விதியில் அனுமதி உண்டு. அது பலருக்குத் தெரியாமல், விரல் மரத்துப்போய்ப் பந்தைத் தவறவிடுகிறார்கள்.

நடுக்கம் சகஜம்தான். ஆனால் நடுங்கிக்கொண்டிருந்தவனின் பேச்சு குழறுகிறது, நடை தள்ளாடுகிறது, கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் அது சோர்வு இல்லை. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போகும்போது இப்படித்தான் தெரியும். தலையில் அடிபட்டவனும் கிட்டத்தட்ட இப்படியே இருப்பான். எது என்று களத்தில் நின்று ஆராய வேண்டாம். இரண்டுக்கும் உடனே செய்ய வேண்டியது வெளியே அழைத்து வருவதுதான். அப்புறம் ஈரத்தைக் களைந்து, போர்த்தி, மருத்துவ உதவிக்குச் சொல்லுங்கள்.

ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குக் குளிர்ந்த வறண்ட காற்றில் ஓடுவதே இழுப்பை வரவழைக்கலாம். இன்ஹேலர் பூட்டிய உடைமாற்றும் அறையில் பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். முதலுதவிப் பெட்டியோடு, பெயர் எழுதி, கோட்டோரம் இருக்கட்டும். தாகம் எடுக்கவில்லை என்று பிள்ளைகள் தண்ணீரையும் தவிர்ப்பார்கள். குளிர் தாகத்தை மறைக்கும், வியர்வையை நிறுத்தாது.

பூட்ஸை வெள்ளிக்கிழமை மாலையே பாருங்கள். ஸ்டட் 21 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. நீளத்தைவிட அதிகம் தவறவிடுவது விளிம்புகளைத்தான். சிமென்ட் தரையில் நடந்து நடந்து உலோக ஸ்டட் தேய்ந்து கத்திபோல ஆகியிருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும்.

பந்து ஒரு சின்ன விஷயம், ஆனால் எனக்குப் பிடித்த விஷயம். ஆட்டம் தொடங்கும்போது பந்தின் காற்றழுத்தம் 9.5 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை இருக்க வேண்டும். சூடான அறையில் சரியாக அடித்த பந்தை இரண்டு டிகிரி குளிருக்கு எடுத்துப் போனால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. வாக்கில் இறங்கிவிடும். உதை போய்ச் சேராததற்கு உதைத்த பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால், பந்தை வெளியே கொண்டுவந்து கொஞ்ச நேரம் வைத்து, அங்கேயே காற்றடித்தீர்களா என்று பாருங்கள்.

முன்வரிசைக்கு ஆள் பிடிப்பது

குளிர்காலம் என்றாலே காய்ச்சல், சளி. காலையில் இரண்டு பேர் வரவில்லை என்று செய்தி வரும். அதில் ஒருவன் ப்ராப் ஆக, அதாவது முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவனாக இருந்தால், "அவனும் நல்ல தடிதான், அவனைப் போடு" என்று வேறு ஒருவனை ஸ்க்ரம்மின் (இரு அணியினரும் தோள் கோத்து, பந்துக்காக ஒருவரையொருவர் தள்ளும் அமைப்பின்) முன்வரிசையில் நிறுத்திவிடுவார்கள். இந்தப் பட்டியலில் நான் மிகவும் அஞ்சும் தவறுகளில் இது ஒன்று. முன்வரிசைக்கு உடம்பு மட்டும் போதாது. எதிரணியின் எடை முழுவதும் கழுத்து வழியாக இறங்கும்போது முதுகை எப்படி வைப்பது, எப்படிப் பிடிப்பது, ஸ்க்ரம் சரியும்போது எப்படி விழுவது என்பதெல்லாம் மாதக்கணக்கில் பழக வேண்டியவை.

அதனால்தான் விதியே கணக்கு வைத்திருக்கிறது. அணியில் 16 முதல் 18 பேர் என்றால் முன்வரிசைக்குத் தகுதியானவர்கள் 4 பேர், 19 முதல் 22 என்றால் 5 பேர், 23 என்றால் 6 பேர் இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் தள்ளாத ஸ்க்ரம் கேளுங்கள். இரு பக்கமும் சேர்ந்து நிற்கும், பந்து உள்ளே போகும், யாரும் தள்ளமாட்டார்கள். நமக்கு ஸ்க்ரம் பலம் அதிகம் என்பதற்காக எதிரணிப் பயிற்சியாளர் இதைக் கேட்கத் தயங்கும்படி முகம் காட்டாதீர்கள்.

மழை நாளில் இது இன்னும் முக்கியம். பந்து வழுக்கினால் நாக்-ஆன் (பந்து கையிலிருந்து முன்னால் தவறி விழுவது) கூடும், நாக்-ஆன் கூடினால் ஸ்க்ரம் கூடும், சேற்றில் கால் பிடிக்காமல் அந்த ஸ்க்ரம் சரியும். 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரம்மை ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்ற வரம்பும் உண்டு. ஸ்க்ரம் எண்ணிக்கையைக் குறைப்பது ஆடும் முறையில்தான் இருக்கிறது. வறண்ட நாளுக்கு யோசித்த நீளமான பாஸ்களை மறந்துவிட்டு, குறுகிய பாஸ், பந்தை மார்போடு அணைத்த ஓட்டம், எதிரணிப் பகுதிக்கு உதைத்து அங்கே அழுத்துவது என்று மாறிக்கொள்ளுங்கள்.

டேக்கிளும் மாறவேண்டும். பந்து வைத்திருப்பவன் சேற்றில் வழுக்கிக் கீழே வந்துகொண்டிருப்பான். மார்பைக் குறிவைத்த தோள் அவன் தலையில் போய் மோதும். இங்கிலாந்தில் 2023 முதல் பள்ளி, கிளப் ஆட்டங்களில் மார்பெலும்பின் அடிப்பகுதிக்குக் கீழேதான் டேக்கிள் செய்ய வேண்டும் என்று விதியையே இறக்கிவிட்டார்கள். உங்கள் பகுதியில் அந்த விதி இல்லாவிட்டாலும், மழை நாளில் இடுப்பைக் குறிவைக்கச் சொல்லிக்கொடுங்கள்.

சனிக்கிழமை அடியும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமும்

பல பிள்ளைகள் சனிக்கிழமை பள்ளிக்கும் ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கும் ஆடுகிறார்கள். இரண்டு பயிற்சியாளர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. சனிக்கிழமை தலையில் அடிபட்டது ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியாளருக்குத் தெரியாது. பிள்ளை சொல்லமாட்டான், அணியில் இடம் போய்விடும் என்ற பயம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயது மாணவி, தன் பள்ளி ரக்பி அணியின் தலைவி, 2013 மே மாதத்தில் ஒரே வாரத்துக்குள் அடுத்தடுத்த ஆட்டங்களில் தலையில் அடிபட்டு இறந்துபோனாள். தனக்கு மூளையதிர்ச்சி இருக்குமோ என்ற சந்தேகத்தைத் தோழிகளிடம் சொல்லியிருந்தாள். பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் அது வந்து சேரவில்லை. அவள் பெயரில் 2018-இல் அந்த மாகாணம் ரோவன் சட்டத்தை நிறைவேற்றியது. முதல் அதிர்ச்சி ஆறாத மூளைமேல் இரண்டாவது அடி விழுந்தால், அது சிறிய அடியாக இருந்தாலும் மூளை வேகமாக வீங்கிவிடலாம். இளம் வயதினருக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இங்கே நடக்கும் தவறுகள் எல்லாம் ஒரே மாதிரியானவை. மயக்கம் போடவில்லையே என்று விட்டுவிடுவது: பெரும்பாலான மூளையதிர்ச்சிகளில் நினைவு தப்புவதே இல்லை. "ஒண்ணுமில்ல சார்" என்ற பதிலை நம்புவது: அடிபட்ட மூளையிடமே அதன் நிலையைக் கேட்கிறோம். தொலைக்காட்சியில் தொழில்முறை வீரர் பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதைப் பார்த்து நம் பிள்ளையையும் பத்து நிமிடம் உட்காரவைத்துத் திரும்ப அனுப்புவது: அந்த ஏற்பாடு பயிற்சி பெற்ற மருத்துவர்கள், ஒளிப்பதிவு எல்லாம் உள்ள உயர்நிலை ஆட்டங்களுக்கு மட்டும் உரியது. பள்ளி ஆட்டத்தில் சந்தேகம் வந்தாலே வெளியே, அன்றைக்குத் திரும்பக் கிடையாது.

அதற்குப் பிறகு முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. பிரிட்டனில் 2023-இல் வந்த வழிகாட்டுதலின்படி, படிப்படியாகத் தேறினாலும் 21 நாளுக்குள் போட்டிக்குத் திரும்பக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, கை கால் பலவீனம், கழுத்து வலி, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டுக்கு அல்ல, நேராக மருத்துவமனைக்கு.

பள்ளி செய்யவேண்டியது ஒன்றுதான்: அடிபட்ட அன்றே பெற்றோருக்கும், பிள்ளை வேறெங்கே ஆடுகிறானோ அந்தப் பயிற்சியாளருக்கும் தகவல் சொல்லும் பொறுப்பை ஒரு குறிப்பிட்ட ஆளிடம் கொடுப்பது. எல்லாருடைய வேலையாக விட்டால் யாரும் சொல்லமாட்டார்கள். அடியே படாத பிள்ளைக்கும் இரண்டு நாளில் இரண்டு முழு ஆட்டம் அதிகம்தான், அதையும் இந்த ஒரே அழைப்பில் பேசிவிடலாம்.

ஆட்டம் முடிந்த பிறகு

சேறு புகுந்த சிராய்ப்பை அங்கேயே சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். துண்டையும் தண்ணீர்ப் போத்தலையும் பகிர்ந்துகொள்ள விடாதீர்கள். முன்வரிசைக்காரர்களின் முகங்களிடையே ஹெர்ப்பீஸ் போன்ற தோல் தொற்றுகள் அப்படியும் பரவும். முகத்தில் கொப்புளம் இருப்பவன் அந்த வாரம் ஆட வேண்டாம். உலர்ந்த உடை மாற்றிய பிறகுதான் பேச்சு, புகைப்படம் எல்லாம்.

தள்ளிவைத்த ஆட்டங்களை வார நடுவில் திணிப்பதும் தவறுதான். தரை உறைந்ததற்காக நியாயமாக நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் மூன்று ஆட்டம் ஆடவைத்தால் என்ன பயன்? சில ஆட்டங்களை ரத்து செய்துவிடலாம்.

இப்போது நான் வியாழக்கிழமை மாலையே எதிரணிப் பயிற்சியாளரை அழைத்துவிடுகிறேன். யார் தரையைப் பார்ப்பது, எத்தனை மணிக்குள் சொல்வது, முன்வரிசைக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள், தரை உறைந்திருந்தால் ஒரு மணி நேரம் தள்ளுவதா அல்லது விட்டுவிடுவதா, எல்லாம் அப்போதே பேசி முடிவாகிவிடும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளூர்ப் பயிற்சியாளர் மைதானத்தின் நாலு மூலையையும் நடந்து பார்த்துவிட்டு அழைப்பார். அந்த அழைப்பு வரும்வரை பேருந்து கிளம்பாது.