மண்டபத்தில் மீந்த சோறு: எடுத்துக் கொடுக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

முகூர்த்த நாளில் கோவை, திருப்பூர், ஈரோட்டு மண்டபங்களிலிருந்து, மீந்த சாப்பாட்டை வாங்கி இல்லாதவருக்குக் கொடுக்கும் குழுக்களுக்கு மதியம் மூன்று மணிவாக்கில் போன் வரும்: "ஏனுங்க, இருநூறு பேருக்குச் சாப்பாடு மீந்துபோச்சு, எடுத்துக்கறீங்களா?" எத்தனை பேருக்கு என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்புவதுதான் முதல் தவறு. சோறு எத்தனை மணிக்கு வடித்தது என்று கேளுங்கள். பதினொன்றரைக்குப் பந்தி என்றால் பத்தரைக்கே வெந்திருக்கும்.

சமைத்தது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவே வெதுவெதுப்பாக நான்கு மணி நேரம் கிடந்தது கொடுக்க லாயக்கில்லை. சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கு வண்டியில் ஏற்றியதிலிருந்து அல்ல, சூடு 60-க்குக் கீழே இறங்கியதிலிருந்து. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வண்டியிலேயே கிடக்கட்டும்.

"இன்னொரு கொதி விட்டாச் சரியாப் போயிரும்" என்பார்கள். ஆகாது. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சோறு வேகும்போதும் அவை சாகா. மூடிய அண்டாவில் சோறு மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு எத்தனை கொதி விட்டாலும் போகாது. வாசனையும் மாறியிருக்காது என்பதால் மோந்து பார்த்து முடிவு செய்வதும் வீண்.

தேங்காய்ச் சட்னி, சந்தகைக்கு (இடியாப்பத்துக்கு) ஊற்றும் தேங்காய்ப்பால், மோர்க்குழம்பு மூன்றையும் தொடவே வேண்டாம். பாத்திரம் மிச்சம் என்று சாம்பாரைச் சோற்றிலேயே கொட்டிக் கிளறி எடுத்து வருகிறார்கள்; ஒன்று கெட்டால் இரண்டும் போச்சு. பந்திக்குப் போய்த் திரும்பிய வாளியிலும், பஃபே மேசையிலும் இருப்பது கணக்கில் வராது. சமையற்கட்டில் கை படாமல் இருப்பதை மட்டும் எடுங்கள். ஆளுக்கு 400 மில்லி என்று வைத்தால் 20 லிட்டர் போசி (பாத்திரம்) ஐம்பது பேருக்குக் காணும். "இருநூறு பேருக்கு" என்று சொன்ன இடத்தில் பல நேரம் இரண்டு போசிதான் தேறும்.

உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2019-ஆம் ஆண்டு உபரி உணவு விதிமுறைப்படி, வாங்கி விநியோகிக்கும் அமைப்புக்குப் பதிவோ உரிமமோ வேண்டும். எங்கே வாங்கினோம், எங்கே கொடுத்தோம் என்று எழுதியும் வைக்க வேண்டும். நோட்டில் இரண்டு வரிதான், ஆனால் யாருக்காவது வயிற்றைக் கலக்கினால் அதுதான் கைகொடுக்கும்.

அடுத்தது இடம். ஞாயிறு மதியம் கோவில் வாசலில் சாப்பாடு கொடுக்கும் வண்டி நாலு நிற்கும். அன்று இரவு அரசு ஆஸ்பத்திரி வாசலில் ஒன்றுகூட இருக்காது. உள்நோயாளிக்கு ஆஸ்பத்திரியே சாப்பாடு தருகிறது, துணைக்கு இருப்பவர்தான் டீயும் பன்னுமாக நாளை ஓட்டுகிறார். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் சனிக்கிழமை சம்பளம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் கை வறண்டுபோவது வியாழன், வெள்ளியில். மண்டபமோ முகூர்த்தத்தைப் பார்த்துத்தான் சமைக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே இல்லை. மீந்ததை மட்டும் நம்பும் குழு அந்த இரண்டு மாதமும் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்கென்று முன்கூட்டியே மளிகை சேர்த்து வையுங்கள்.

மளிகைப் பையிலும் தவறு நடக்கும். பீகார், ஒடிசாக்காரர் அறைக்குச் சாம்பார் பொடி போய்ச் சேரும். கோதுமை மாவா, பச்சரிசியா, கடுகெண்ணெயா, அடுப்பு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். சொந்த மாநில ரேஷன் கார்டு இருந்தால், ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் இங்குள்ள கடையிலேயே அரிசி வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் அதில் சேர்ந்தது. அது பலருக்குத் தெரியாது. ஆதாரோடு ஒருவரைக் கடைக்குக் கூட்டிப்போய் விரல்ரேகை வைக்க உதவினால், பத்துப் பை கொடுப்பதைவிட அது நீடிக்கும். கைரேகை பதியவில்லை, கடைக்காரர் மறுக்கிறார் என்றால் 1967 என்ற எண்ணுக்குப் போன் போட்டுப் புகார் சொல்லலாம்.

வாங்குபவர் முகம் தெரியப் போட்டோ எடுப்பதை விட்டுவிடுங்கள். நன்கொடையாளருக்குக் காட்ட வேண்டுமென்றால் போசியையும் நோட்டையும் எடுத்து அனுப்பினால் போதும்.