விஸ்கி, சுருட்டு ஓவியத்துக்கு எந்த வெளிச்சம்?

விஸ்கி கோப்பையும் சுருட்டும் வரைந்த ஓவியத்தை ஆசையாக மாட்டியும் அறைக்கு அந்தக் கதகதப்பு வரவில்லையா? முதலில் பல்பைப் பாருங்கள். இந்த மாதிரி ஓவியங்களில் பெரும்பாலும் தேன் நிறமும் அடர் பழுப்பும்தான் இருக்கும். வெள்ளை வெளிச்சத்தில் இரண்டுமே களையிழந்துவிடும். 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) இதமான மஞ்சள் ஒளி தரும் பல்பு ஒன்றை, மேலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் ஒளி விழும்படி வையுங்கள். கோப்பை விளிம்பில் தீட்டிய அந்த ஒற்றை வெள்ளைக் கீற்று அப்போதுதான் பளிச்சென்று தெரியும்; சுருட்டு நுனியின் சாம்பல்கூடத் தனியாகத் துலங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அப்புறம், ஓவியத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். உட்கார்ந்தே ரசிப்பீர்கள் என்றால் கொஞ்சம் இறக்கலாம். நேர் வெயில் படும் சுவர் மட்டும் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.