மதுரை நெரிசலுக்கு ஏற்ற மோட்டார் சைக்கிளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

காலை ஒன்பதரை மணிக்குச் சிம்மக்கல்லிலிருந்து யானைக்கல் வழியாக, வைகையின் மேலுள்ள ஏ.வி. பாலம் ஏறிக் கோரிப்பாளையம் சிக்னலைக் கடந்து வேலைக்குச் செல்பவருக்கு, வண்டி நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடியில் எட்டும் என்ற கணக்கால் ஒரு பயனும் இல்லை. 1889-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் மேல் அந்த நேரத்தில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் வேகம் கிடைத்தாலே பெரிது. ஆகவே வண்டி வாங்கப் போகிறவர், நடக்கிற வேகத்தில் அது எவ்வளவு சொன்னபடி கேட்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். குதிரைத்திறனையும் உச்ச வேகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எடையையும் இருக்கையின் உயரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். ஹீரோ ஸ்ப்ளெண்டர் பிளஸ் சுமார் 112 கிலோ எடையும் 785 மில்லிமீட்டர் இருக்கை உயரமும் கொண்டது. ஹோண்டா ஷைன் 125 ஏறத்தாழ அதே எடை. டிவிஎஸ் ரைடர் சுமார் 123 கிலோ. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. நான்குவழிச் சாலையில் திருச்சி வரை போய்வர அது அருமையான வண்டி; ஆனால் கீழமாசி வீதியில் மூட்டை இறக்கும் லோடு வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இறங்கி நின்று பின்பக்கமாக இழுக்க நேரும்போது, கூடுதலாக உள்ள அந்த 80 கிலோவை இடுப்புதான் தாங்க வேண்டும். மாசி வீதிகளை ஒட்டிய சந்துகளில் குடியிருப்பவர்கள் தினமும் இரவில் வாசற்படியில் பலகை போட்டு வண்டியை உள்ளே ஏற்றுவார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

நான் முதலில் வாங்கியது 150 கிலோ எடையுள்ள, இருக்கை சற்று உயர்ந்த வண்டி. கடையின் வழவழப்பான தரையில் இரு கால்களும் எட்டின. அதையே போதுமென்று நம்பினேன். ஒரு மாலையில் விளக்குத்தூண் அருகே என் மனைவி பின்னால் அமர்ந்திருக்க, முன்னால் நின்ற ஆட்டோவுக்காக இடக்காலை ஊன்றினேன். சாலையின் ஓரம் சாக்கடைப் பக்கமாக இரண்டு அங்குலம் தாழ்ந்திருந்தது. கால் தரையைத் தேடிய அந்த அரை நொடியில் வண்டி சாய்ந்து, இருவரும் விழுந்தோம். பெரிய காயமில்லை என்றாலும், அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒன்றைச் சொல்கிறேன்: தினமும் போடும் செருப்போடு உட்கார்ந்து பாருங்கள், இடப்பக்கம் சற்றுத் தாழ்வான இடத்தில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு, பாதம் முழுமையாகப் படிகிறதா என்று பாருங்கள். குதிகால் தூக்கி நின்றால் அந்த வண்டி உங்களுக்கு வேண்டாம்.

என்ஜினைப் பொறுத்தவரை, தனியாகச் செல்பவருக்கு 100 சிசி போதும். பெரும்பாலும் இருவராகச் செல்வோருக்கு 125 சிசி ஏற்றது. 100 சிசி வகையான ஸ்ப்ளெண்டரின் முறுக்குவிசை (டார்க்) சுமார் 8 நியூட்டன் மீட்டர், 125 சிசி ஷைனுடையது சுமார் 11. பின்னால் ஆள் இருக்கும்போது பாலத்தின் ஏற்றத்தில் இரண்டாம் கியரிலேயே இழுத்துச் செல்ல இந்த வேறுபாடு உதவும். என்ஜினின் சுற்று வேகம் அதிகமானால்தான் இழுவை கொடுக்கும் பந்தய வகை வண்டியில், நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாம் கியருக்கும் இடையே ஓயாமல் மாற்றிக்கொண்டே இருக்க நேரும்.

கிளட்சைப் பற்றி ஷோரூமில் எவரும் பேசுவதில்லை. நகர ஓட்டத்தில் உடம்பை அதிகம் வருத்துவது அதுதான். பழங்காநத்தத்திலிருந்து பெரியார் பேருந்து நிலையம் வரும் வழியில் நெரிசல் மிகுந்த நாளில் எத்தனை முறை கிளட்சைப் பிடிக்கிறோம் என்று ஒருமுறை எண்ணத் தொடங்கி, நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். லீவர் கனமாக இருந்தால் ஒரு மாதத்தில் இடக்கையின் கட்டைவிரல் அடியில் வலி பிடித்துவிடும். ஆகவே இரண்டே விரல்களால் லீவரை முழுவதும் இழுத்து, முப்பது எண்ணும் வரை பிடித்துப் பாருங்கள். பிறகு ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் முதல் கியரில் கிளட்சை மெல்ல விட்டுப் பாருங்கள். வண்டி உதறாமல், அணையாமல் தானாக ஊர்ந்து நகர்ந்தால் அது நெரிசலுக்கு ஏற்ற வண்டி. அப்படி நகராத வண்டியை எப்போதும் அரை கிளட்சிலேயே ஓட்ட வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட்டுகள் உராய்ந்து தேய்ந்து, பிக்கப் குறைந்து, மைலேஜும் போய்விடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காற்றால் குளிரும் என்ஜினுக்கு வண்டி நகர்ந்தால்தான் காற்று கிடைக்கும். சிக்னலில் நிற்கும்போது அதன் சூடு முழங்காலுக்கு வரும். சிறிய என்ஜினில் இச்சூடு குறைவு. திரவத்தால் குளிரும் பெரிய வண்டிகளில் விசிறி வெந்நீர் ஆவி போன்ற காற்றைக் கால்மேல் தள்ளும். பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு, நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

பிரேக்கில், 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இரு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் சிபிஎஸ்ஸும், அதற்கு மேற்பட்டவற்றுக்குச் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். முன்சக்கரத்துக்கு டிஸ்க் உள்ளதையே வாங்குங்கள். மழை பெய்து தெருவில் மண் கலந்த நீர் ஓடும்போது அதன் அருமை தெரியும். டியூப்லெஸ் டயரும் அவசியமே.

பின்னால் உட்காருபவரைக் கேட்காமல் வண்டி வாங்குவது பெருந்தவறு. சேலை கட்டியவர் ஒருபக்கமாக அமர்ந்தால், முந்தானை பின்சக்கரத்தில் சிக்காதிருக்கச் சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகுக்காக இந்தத் தடுப்பை, அதாவது சாரி கார்டைக் கழற்றிவிடும் இளைஞர்களைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பின் இருக்கை சரிந்தும் குறுகியும் உள்ள வண்டியில் பிரேக் போடும்போதெல்லாம் பின்னால் இருப்பவர் ஓட்டுபவர் முதுகில் வந்து மோதுவார். அம்மாவையோ மனைவியையோ ஷோரூமுக்கே அழைத்துச் சென்று, உட்கார வைத்து, ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள்.

கியர் மாற்றுவதே சிரமம் என்போர் ஸ்கூட்டரைப் பார்க்கலாம். அதன் சக்கரம் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம் என்பதால், மோட்டார் சைக்கிளின் 17, 18 அங்குலச் சக்கரம் தாண்டிவிடும் பள்ளத்தில் அது இறங்கி அதிரும். மூட்டை ஏற்றும் வியாபாரிகளுக்கு டிவிஎஸ் எக்ஸ்எல் 100-க்கு நிகர் இல்லை. மின்சார வண்டி, வீட்டுக்குள் சார்ஜ் போட வசதியுள்ளவருக்கு ஏற்றது.

விலையை ஒப்பிடும்போது சாலை வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்த முழுத்தொகையைக் கேளுங்கள். 350 சிசி வரை ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்தாண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். ஷோரூம் வாசலிலுள்ள காலிச் சாலையில் ஓட்டிக் காட்டுவதோடு திருப்தியடையாமல், நீங்கள் வேலைக்குப் போகும் நேரத்தில், போகும் பாதையில் ஓட்டிப் பார்க்க வண்டியைத் தரச் சொல்லுங்கள். வண்டியை எடுக்கும் நாளில் சாரி கார்டு பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, கிளட்ச் லீவரின் தளர்வைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிசெய்யச் சொல்லி, இரு கண்ணாடிகளையும் உங்கள் உயரத்துக்குத் திருப்பி வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.