இர்ஃபான் கான் படங்களைப் புதிதாகப் பார்க்கப் போகிறீர்களா? எதில் ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது

போன வாரம் சித்தி மகள் போன் செய்து, "இர்ஃபான் கான் நடித்ததில் எதை முதலில் பார்க்கலாம்?" என்று கேட்டாள். முக்கால் மணி நேரம் பேசியும் பாதிதான் சொல்ல முடிந்தது. அவளுக்காகவும், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்காகவும் வரிசையாக எழுதிவிடுகிறேன். இது என் வரிசைதான், வெளியான ஆண்டுப்படி போகாது. பத்துப் பன்னிரண்டு வருடமாகத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், இப்படிப் போனால்தான் மனிதர் பிடிபடுவார் என்று நம்புகிறேன்.

தொடங்கும் முன்

டப்பிங் வேண்டவே வேண்டாம். இந்தி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சப்டைட்டில் போட்டுக்கொண்டு அசல் குரலிலேயே பாருங்கள், ஏனென்றால் அந்த லேசான கரகரப்பும், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை வாய்க்குள்ளேயே விட்டுவிடும் பழக்கமும் போய்விட்டால் பாதி நடிப்பு போய்விடும். எழுத்தைப் படிக்கும் நேரத்தில் முகம் தவறிப் போகிறதா? பிடித்த காட்சியை இரண்டாவது தடவை ஓடவிட்டு, இந்த முறை எழுத்தைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பாருங்கள்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இர்ஃபான் பேசும்போது அவரைப் பார்ப்பது சுலபம், எல்லோரும் பார்ப்பார்கள். எதிரில் இருப்பவர் பேசும்போது அவரைப் பாருங்கள். கேட்ட சொல் அவருக்குள் இறங்கி, அங்கே ஏதோ செய்து, அப்புறம்தான் பதில் கிளம்பும். அந்த இடைவெளியில்தான் அவருடைய நடிப்பு முழுக்க இருக்கிறது.

படி 1: தி லஞ்ச்பாக்ஸ் (2013)

யோசிக்காமல் இதில் ஆரம்பியுங்கள். ரித்தேஷ் பத்ரா இயக்கியது. மும்பை அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வுபெறப் போகும் கணக்கர் சாஜன் பெர்னாண்டஸ், மனைவியை இழந்தவர். டப்பாவாலாக்கள் கொண்டுவரும் சாப்பாட்டு அடுக்கு ஆள் மாறி இவர் மேஜைக்கு வருகிறது. யாரோ ஒரு பெண் தன் கணவனுக்காகச் சமைத்தது அது. அப்புறம் அந்த அடுக்குக்குள்ளேயே கடிதங்கள் போய்வரத் தொடங்குகின்றன.

முதல் நாள் அடுக்கைத் திறக்கும் காட்சியைக் கவனியுங்கள். வசனம் கிடையாது. ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து முகர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான், ஆனால் எத்தனை வருடமாக இந்த மனிதருக்கு யாரும் ஆசையாகச் சமைத்துப் போட்டதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது. பதிலுக்கு அவர் எழுதும் முதல் கடிதம், இன்று சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பது! அடுத்த நாள் காரம் தூக்கலாக வரும், அதைச் சமாளிக்க வாழைப்பழம் சாப்பிட்டேன் என்று எழுதுவார். இந்த வறண்ட சின்னச் சின்ன வரிகளிலிருந்து ஒருவர் மெதுவாகக் கனிந்து வருவதை அவசரமே இல்லாமல் காட்டியிருக்கிறார். அந்தப் பெண்ணாக வரும் நிம்ரத் கௌரும் இவரும் பேசிக்கொள்ளும் காட்சி ஒன்றுகூடப் படத்தில் இல்லை. ஆனாலும் இதைக் காதல் படம் என்று நான் யாரிடமும் வாதாடுவேன்.

குளியலறையில் தாத்தாவின் வாசனை வருகிறதே என்று நினைத்து, கடைசியில் அது தன் வாசனைதான் என்று புரிந்துகொண்டதாகச் சொல்லும் இடம் வரும். என் அப்பா ஓய்வுபெற்ற வருடத்தில் இந்தப் படத்தை அவரோடு உட்கார்ந்து பார்த்தேன். அந்த இடத்தில் அப்பா எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

படி 2: பீகு (2015)

அடுத்து கொஞ்சம் சிரிக்கலாம். ஷூஜித் சர்க்காரின் இந்தப் படத்தில் மலச்சிக்கலே உலகம் என்றிருக்கும் அப்பாவாக அமிதாப் பச்சன், அவரோடு மல்லுக்கட்டும் மகளாக தீபிகா படுகோன். டெல்லியிலிருந்து கொல்கத்தாவுக்கு அவர்களைக் காரில் கூட்டிப்போகும் டாக்ஸி நிறுவன முதலாளி ராணாதான் இர்ஃபான். இரண்டு பெரிய நட்சத்திரங்கள் கத்திக்கொண்டிருக்க, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இவர் செய்வதெல்லாம் அரைப்பார்வை, ஒரு பெருமூச்சு, கொஞ்சம் தாமதமாக வரும் ஒரு வாக்கியம். தொடக்கத்தில் சொன்ன இடைவெளியை அப்படியே நகைச்சுவைக்குத் திருப்பியிருக்கிறார். இதைப் பார்த்தபின் நம்ம ஊர் துல்கர் சல்மானோடு அவர் நடித்த கார்வான் (2018) பிடிக்கும். பெங்களூரிலிருந்து கொச்சிக்குப் போகும் பயணக் கதை. படம் சுமார்தான், ஆனால் அவர் பேசும் பேச்சுக்காகவே பார்க்கலாம்.

படி 3: ஹாசில், மக்பூல் (2003)

இவ்வளவு சாந்தமான மனிதரா இப்படி என்று திடுக்கிட வைக்கும் படி இது. திக்மான்ஷு தூலியாவின் ஹாசில் அலகாபாத் மாணவர் அரசியலைப் பற்றியது. அதில் ரண்விஜய் சிங் என்ற மாணவர் தலைவன், சிறந்த வில்லனுக்கான ஃபிலிம்ஃபேர் விருதை வாங்கிக்கொடுத்த வேடம். பயமுறுத்தக் குரலை உயர்த்தவே வேண்டாம் என்பதை அதில் பார்க்கலாம்.

மக்பூலுக்குத் தனியாக ஒரு மாலை ஒதுக்குங்கள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தை மும்பை நிழலுலகத்துக்குக் கொண்டுவந்தார் விஷால் பரத்வாஜ். தாதா அப்பாஜியாக பங்கஜ் கபூர், அவருடைய துணைவி நிம்மியாக தபு, அப்பாஜியின் வலதுகையாக இருந்து நிம்மியின் மேல் உயிரை வைத்துவிடும் மக்பூலாக இர்ஃபான். முதல் தடவை பார்க்கும்போது பங்கஜ் கபூர்தான் படத்தைத் தூக்கிக்கொண்டு போவதாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. இரண்டாவது தடவை, அப்பாஜி பேசும் காட்சிகளில் ஓரமாக நிற்கும் மக்பூலின் கண்களை மட்டும் தொடர்ந்து போங்கள். விசுவாசம், ஆசை, அவமானம், பயம் நான்கும் அந்தக் கண்களில் மாறி மாறி வருகின்றன, உதடு அசைவதே இல்லை. கடைசி மருத்துவமனைக் காட்சியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன், பாருங்கள்.

படி 4: பான் சிங் தோமர் (2012)

இதற்குத்தான் சிறந்த நடிகருக்கான தேசிய விருது. பான் சிங் தோமர் ராணுவ வீரர், தடைகளைத் தாண்டி ஓடும் 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸில் 7 முறை தேசிய சாம்பியன், 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் ஓடியவர். பின்னாளில் நிலத் தகராறில் நியாயம் கிடைக்காமல் சம்பல் பள்ளத்தாக்கில் துப்பாக்கி ஏந்தி, 1981இல் சுட்டுக்கொல்லப்பட்டார். உண்மை மனிதர், உண்மைக் கதை.

ஓட்டத்தைக் கவனியுங்கள். ராணுவத்தில் விளையாட்டுப் பிரிவுக்குப் போனால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்பதற்காக ஓட ஆரம்பிக்கும் இளைஞனின் கால்களும், பிற்பாடு பள்ளத்தாக்கில் ஓடும் நடுவயது மனிதனின் கால்களும் வேறு வேறு ஆட்களுடையவை போல இருக்கும். இதை நடித்தபோது அவருக்கு நாற்பது வயதைத் தாண்டிவிட்டது. பதக்கங்களை எடுத்துக்கொண்டு போலீஸ் அதிகாரியிடம் முறையிடப் போகும் காட்சியில், நாட்டுக்காக ஓடினேன் என்று சொல்லும் அந்த வெள்ளந்தியான பெருமையும், அது அங்கே செல்லாக்காசு என்று தெரியவரும் நொடியும்... இந்திய சினிமாவில் எனக்கு மிகப் பிடித்த ஐந்து நிமிடங்களில் இது ஒன்று.

படி 5: தி நேம்சேக் (2006)

மீரா நாயர் இயக்கியது, ஜும்பா லாஹிரியின் நாவல். கொல்கத்தாவிலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறும் அசோக் கங்குலியாக இர்ஃபான், மனைவியாக மறுபடியும் தபு. மக்பூலில் ஒருவரையொருவர் எரித்துக்கொண்ட அதே இரண்டு பேர் இங்கே தொட்டுக்கொள்ளக்கூடக் கூச்சப்படும் தம்பதி. அதனால்தான் படி 3க்குப் பிறகு இதை வைத்தேன். சின்ன மகனைக் கூட்டிக்கொண்டு கடலுக்குள் நீளும் பாறைகளின் நுனிவரை நடந்து போவார், கேமராவை எடுத்துவர மறந்திருப்பார், இந்த நாளை நீ ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பார். வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கும் நண்பர்கள் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தப் படத்தைத்தான்.

படி 6: டிவி

இவர் சினிமாவுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தார். 1967இல் பிறந்தவர், டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் படித்தவர், அதன் பிறகு பத்து வருடத்துக்கும் மேல் டிவிதான் சோறு போட்டது. தூர்தர்ஷனில் சாணக்யா தொடரில் சேனாபதி பத்ரசாலனாக, சந்திரகாந்தாவில் மாயாஜாலக் கதைக்கு நடுவே, உருதுக் கவிஞர்களைப் பற்றிய கஹ்கஷானில் மக்தூம் மொஹியுதீனாக. எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்க்க வேண்டாம். சாணக்யாவில் மட்டும் சில பகுதிகள் பாருங்கள், நாடகத்தனமான உரத்த வசனங்களுக்கு நடுவே இவர் ஒருவர் மட்டும் குரலைத் தணிக்கப் பார்ப்பது தெரியும்.

முழுக்கப் பார்த்தே ஆகவேண்டியது இன் ட்ரீட்மென்ட் தொடரின் மூன்றாவது சீசன் (2010, எச்பிஓ). ஒரு அறை, மனநல ஆலோசகராக கேப்ரியல் பர்ன், எதிரில் சுனில் என்ற ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். மனைவி இறந்ததும் கொல்கத்தாவை விட்டு நியூயார்க்கில் மகன் வீட்டில் வந்து மாட்டிக்கொண்டவர். நான்கு பேர் கதை மாறி மாறி வரும், சுனிலின் 7 பகுதிகளை மட்டும் தனியாகப் பார்த்தாலும் போதும். ஓடவும் சண்டை போடவும் இடமே இல்லாமல், நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதை மட்டுமே வைத்து ஒரு முழு மனிதனைக் கட்டியிருக்கிறார். அவர் செய்ததிலேயே ஆகச் சிறந்தது இதுதான் என்பது என் கருத்து. பான் சிங் தோமருக்கும் மேலே வைப்பேன். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியத் தலைவர்களை விசாரித்த வழக்கைப் பற்றிய டோக்கியோ ட்ரையல் (2016) என்ற குறுந்தொடரில் நீதிபதி ராதாபினோத் பாலாக வருவதும் நன்றாக இருக்கும், நேரம் இருந்தால்.

படி 7: ஹாலிவுட்

பலர் இங்கேதான் தொடங்குகிறார்கள், நானும் அப்படித்தான். ஜுராசிக் வேர்ல்டிலும் ஸ்பைடர்மேனிலும் அவரைத் தேட வேண்டாம், அங்கே அவருக்கு வேலையே இல்லை. லைஃப் ஆஃப் பை (2012) மட்டும் விதிவிலக்கு. புதுச்சேரிப் பையன் பை வளர்ந்து பெரியவனாகி, தன் கதையை ஓர் எழுத்தாளருக்குச் சொல்கிறான். புலியைப் பற்றிக் கடைசியில் பேசும்போது, ஒரு வார்த்தை விடைபெறக்கூட நேரம் கிடைக்கவில்லையே என்று கலங்கும் இர்ஃபானின் முகத்தைக் கிராஃபிக்ஸ் புலியைவிட நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

படி 8: முதலும் கடைசியும்

புற்றுநோய்ச் சிகிச்சைக்கு நடுவே நடித்த ஆங்ரேஸி மீடியம் 2020 மார்ச் 13 அன்று வெளியானது, சில நாட்களில் கொரோனாவால் தியேட்டர்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 29 அன்று அவர் போய்விட்டார், 53 வயதில். படம் திரைக்கதையாகப் பலவீனமானது. மற்றதெல்லாம் பார்த்து முடித்தபின் பாருங்கள், அப்போதுதான் மகளைப் பார்க்கும் காட்சிகளில் உள்ளது புரியும்.

அப்புறம் அவருடைய முதல் படத்துக்குப் போங்கள். சலாம் பாம்பே (1988), இதுவும் மீரா நாயர். பெரிய வேடத்துக்குத் தேர்வாகி, பிறகு அது கைமாறி, கடைசியில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு காட்சி. நிமிடக் கணக்குதான், கண்ணிமைத்தால் தவறிவிடும். படிக்கத் தெரியாத ஒரு சிறுவன் ஊரிலிருக்கும் அம்மாவுக்குக் கடிதம் எழுதச் சொல்ல, பாம்பே நடைபாதையில் உட்கார்ந்து அதை எழுதித் தருபவர் இவர். அந்த மீரா நாயர் 18 வருடம் கழித்துத்தான் அவருக்கு நேம்சேக்கைக் கொடுத்தார்.

அந்தக் காட்சியைப் பார்த்த கையோடு, லஞ்ச்பாக்ஸில் சாஜன் பேனாவை எடுத்து முதல் கடிதம் எழுதும் இடத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.