லவெண்டருக்கு எது சேரும்? ஒரு வெள்ளவத்தைக் குசினியிலிருந்து

லவெண்டர் என்றதும் கொழும்பில் யாருக்கும் சாப்பாடு ஞாபகம் வருவதில்லை. நிலம் துடைக்கிற தண்ணீர், குழந்தைப் பவுடர், காருக்குள் தொங்குகிற வாசனை அட்டை, இவைதான் வரும். ஆகவே லவெண்டர் போட்டு எதைச் செய்தாலும், சாப்பிடுகிறவருக்கு அந்தச் சவுக்கார ஞாபகம் வராமல் பார்ப்பதுதான் முதல் வேலை. அதில் முக்கால்வாசி எந்தச் சாமானோடு சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது. மிச்சம் அளவில்.

எனக்கு இது அடிபட்டுத்தான் தெரிந்தது. வீட்டிலிருந்தே கேக், பிஸ்கட் ஓடருக்குச் செய்து கொடுக்கிறேன். பாரிஸிலிருந்து வந்த மச்சாள் ஒரு சின்னத் துணிப்பையில் காய்ந்த லவெண்டர் தந்தார். ஆசையில் இரண்டு மேசைக்கரண்டி அள்ளிப் பட்டர் கேக்கில் போட்டேன். என் கணவர் ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, “என்னப்பா, சவுக்காரம் கரைச்சு ஊத்தினனீரே?” என்றார். மச்சாளிடம் சொன்னால் அவருக்குச் சிரிப்பு. “ஐயோ, அது சீலை அலுமாரிக்குள்ள வைக்கத் தந்ததெல்லோ!”

அவர் சொன்னது சரிதான். பிரான்சின் தெற்கில், வலன்சோல் பக்கம் படங்களில் பார்க்கிற அந்த ஊதா வயல்களில் பெரும்பகுதி லவண்டின் என்ற கலப்பினம். சவுக்காரத்துக்கும் வாசனைத் தைலத்துக்கும் போவது அது. அதன் எண்ணெயில் கற்பூரம் ஏழெட்டு சதவீதம் வரை இருக்கும். சமையலுக்கு உரியது லவண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற இனம், அதில் கற்பூரம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆகவே பையில் ‘சமையலுக்கு’ என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அலுமாரிப் பைகளில் மேலதிகமாக எண்ணெய் தெளித்தும் இருப்பார்கள், வாயில் வைக்கவே கூடாது. செடி வளர்க்கலாம் என்று பல்கனியில் ஒரு தொட்டி வைத்துப் பார்த்தேன். மழைக்காலத்தில் வேர் அழுகிப் போய்விட்டது. அதற்கு வேண்டியது காய்ந்த காற்று, எங்களிடம் இருப்பது கடற்கரைப் புழுக்கம்.

சரி, எதோடு சேரும்? என் வழி மூக்குத்தான். ஒரு சின்னக் கிண்ணத்தில் நாலைந்து லவெண்டர் மொட்டைக் கசக்கிப் போட்டு, சேர்க்க நினைக்கிற சாமானையும் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒன்றாக முகர்ந்து பார்ப்பேன். ஒருநாள் அப்படியே குசினித் தட்டில் இருந்த போத்தல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனேன். மிளகு பரவாயில்லை. கராம்பு லவெண்டரை அப்படியே விழுங்கிவிட்டது. கொத்தமல்லிப் போத்தலைத் திறந்து, நாலு விதையை விரலால் நசித்து மூக்கில் வைத்தபோதுதான் திடுக்கிட்டேன். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி! தடிமன் வந்தால் அம்மா அவித்துத் தருகிற கொத்தமல்லித் தண்ணியின் மணம், லவெண்டருக்கு அடியில் ஒளிந்துகொண்டு இருக்கிறது.

காரணம் லினலூல் என்ற வாசனைப் பொருள். கொத்தமல்லி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதுதான், லவெண்டரிலும் பெரும் பங்கு அதுதான். அதற்குப் பிறகு எனக்கு வழி லேசாகிவிட்டது. முதலில் லவெண்டருக்குச் சொந்தமான ஒன்றைத் தேடுவேன். அப்புறம் அதன் இனிப்பு மணத்தை வெட்ட ஒரு புளிப்போ உப்போ வைப்பேன். சொந்தம் மட்டும் இருந்தால் பவுடர் பூசினமாதிரி இருக்கும்.

புளிப்பில் தேசிக்காய்க்கு மிஞ்சியது இல்லை. ஒரு கப் சீனி, ஒரு கப் தண்ணீர், கொதித்ததும் அடுப்பை அணைத்து ஒரு மேசைக்கரண்டி லவெண்டர் போட்டு மூடுங்கள். பத்து நிமிடத்தில் வடித்துவிட வேண்டும், மறந்து போய்விட்டால் கைக்கும். ஒரு கிளாஸ் தேசிக்காய்த் தண்ணிக்கு இந்தப் பாணி ஒரு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. ஓடர் தருகிறவர்கள் “ஊதாக் கலராய் வரவேணும் அன்ரி” என்பார்கள். லவெண்டர் மொட்டு ஊதாவாக இருந்தாலும் பாணி மங்கல் மஞ்சளாகத்தான் வரும். நிறம் வேண்டுமென்றால் நாலு நீலக் காக்கணம் பூவை, சங்குப்பூ என்பார்களே அதை, சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சேருங்கள். தேசிக்காய்ப் புளி விழுந்ததும் நீலம் ஊதாவாகும். கேசரிப் பவுடர் தேவையில்லை.

தேத்தண்ணியில் நுவரெலியாத் தேயிலை போல மெல்லியது நல்லது. ருகுணுப் பக்கத்துக் கடும் சாயத்துக்கு முன்னால் லவெண்டர் வாய் திறக்காது. ஏர்ள் கிரே தேயிலையில் போடுகிற பெர்கமொட், அது தோடை வகைப் பழம் ஒன்றின் தோல் எண்ணெய், லவெண்டருக்கு நெருங்கிய சொந்தம். அந்தத் தேயிலைக்கு அரைத் தேக்கரண்டியிலும் குறைவாகப் போட்டாலே கேத்தல் முழுக்க மணக்கும். இஞ்சி போட்ட பிளேன்ரீக்கு மட்டும் வேண்டாம்.

பால், பட்டர், கிரீம் மூன்றும் லவெண்டரின் மணத்தை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும், கொழுப்பில் அது கரைவதால். 250 மில்லிலீற்றர் பாலுக்கு அரைத் தேக்கரண்டி போதும். பாலைக் கொதிக்க விடாமல், ஓரத்தில் குமிழி வரும்போது இறக்கிப் போட்டு, பத்து நிமிடத்தில் வடியுங்கள். எருமைத் தயிரோடும் பொருந்தும். ஆனால் கித்துள் பாணி ஊற்ற வேண்டாம். அதன் புகை மணத்தில் லவெண்டர் காணாமல் போய்விடும், தேன்தான் சரி. தேங்காய்ப்பாலை மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் தலைக்கு வைக்கிற எண்ணெய் ஞாபகம்தான் வந்தது.

பழங்களில் அன்னாசி அருமை. துண்டாக வெட்டி, மிளகை இடித்துத் தூவி, மேலே சொன்ன பாணியைக் கொஞ்சம் தெளித்து, அரை மணித்தியாலம் குளிரவிட்டுப் பாருங்கள். பாஷன் பழமும் நுவரெலியா ஸ்ட்ரோபெரியும் நல்லவை. கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், அதற்கே போதிய மணம் இருக்கிறது, அது எவருடைய தயவிலும் இல்லை. பலாப்பழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

என் ஓடர்களில் அதிகம் போவது லவெண்டர், தேசிக்காய்த் தோல் சேர்த்த பட்டர் பிஸ்கட். 60 கிராம் சீனியையும் ஒரு தேக்கரண்டி லவெண்டரையும் கிரைண்டரில் அரைத்து, 120 கிராம் பட்டரோடு குழைத்து, ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலைத் துருவிச் சேருங்கள். வெள்ளைப் பகுதி விழுந்தால் கைக்கும். அதோடு ஒரு சிட்டிகை உப்பு, நசித்த கொத்தமல்லி விதை கால் தேக்கரண்டி. கடைசியில் 180 கிராம் கோதுமை மா. கொழும்பு வெக்கையில் மா உடனே இளகும், ஆகவே உருட்டி அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து எடுத்துத்தான் வெட்டுவேன். 160 பாகை சூட்டில் இருபது நிமிடம், ஓரம் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடுங்கள். கொத்தமல்லி போட்டிருக்கிறேன் என்று நான் சொல்வதில்லை. யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. அரைத்த கிரைண்டரை உடனே கழுவாமல் விட்டு, அடுத்த நாள் மிளகாய்த்தூள் அரைத்து மாமியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விரிவாக எழுதவில்லை.

உறைப்புச் சாப்பாட்டில் கவனம் வேண்டும். கோழியை முழுதாக ரோஸ்ட் செய்யும்போது உள்ளி, மிளகு, தேசிக்காய், ரோஸ்மேரி, தைம் ஆகியவற்றோடு கால் தேக்கரண்டி லவெண்டர் பொருந்தும். ஆட்டிறைச்சியின் கொழுப்பு மணத்தையும் அது அடக்கும். ஆனால் கறிவேப்பிலை, ரம்பை, வறுத்த கறித்தூள் விழுகிற சட்டிக்குள் லவெண்டருக்கு வேலை இல்லை. ரம்பையோடு சேர்த்தால் இரண்டு மருமகள் ஒரு குசினியில் நின்றமாதிரி.

பன்னீரும் அப்படித்தான். லவ் கேக்கில் ஏற்கெனவே பன்னீர் இருக்கிறது, ஏலக்காய் இருக்கிறது. அதற்குள் லவெண்டர் போடச் சொல்லிக் கேட்கிறவர்களுக்கு நான் மறுத்துவிடுவேன். கறுப்புச் சொக்லேட் வேறு கதை. கசப்பு லவெண்டரைப் பிடித்து நிறுத்தும், மேலே இரண்டு கல் உப்புத் தூவினால் இன்னும் நல்லது.

மொட்டுகளைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில் இறுக மூடி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள், ஒரு வருடம் தாங்கும். ஈரக் கரண்டி போடாதீர்கள். கசக்கினால் மணம் வராவிட்டால் அளவைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், கசப்பு மட்டும்தான் கூடும். புதுப் பை வாங்குங்கள். பழையதைத் துணியில் முடிந்து சீலைகளுக்கு நடுவில் வைத்துவிடலாம், மச்சாள் தந்த பையும் அங்கேதான் இருக்கிறது.